மௌனம் சம்மதமாகும் இடத்தில் ஒரு பூட்டு

இணையதள முகவரியான டொமைன் பெயரை, அதைப் பதிவு செய்து தரும் ஒரு நிறுவனத்திடமிருந்து, அதாவது ரெஜிஸ்ட்ராரிடமிருந்து, வேறொரு ரெஜிஸ்ட்ராரிடம் கொண்டுபோக நினைப்பவர் முதலில் முட்டி நிற்பது 'கிளையன்ட் டிரான்ஸ்ஃபர் புரொஹிபிட்டட்', அதாவது மாற்றத் தடை, என்ற ஒற்றை வரியில்தான். மும்பையில் சிறு கடைகளுக்கும் சங்கங்களுக்கும் இணையதளங்களைப் பராமரித்துத் தருவது என் தொழில் என்பதால், தாராவியிலிருந்தும் மாட்டுங்காவிலிருந்தும் செம்பூரிலிருந்தும் இந்த வரியைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் எனக்கு அனுப்பிக்கொண்டே இருக்கிறார்கள். கூடவே, "நம்ம பேரைப் பூட்டி வச்சிக்கிட்டுத் தர மாட்டேங்கிறாங்க" என்ற குற்றச்சாட்டும் வந்து சேரும். அந்தக் குற்றச்சாட்டு பெரும்பாலும் தவறானது. புதிதாகப் பதிவாகும் பெயர் எதுவாயினும் அநேகமாக எல்லா ரெஜிஸ்ட்ரார்களும் இந்தப் பூட்டைத் தாமாகவே போட்டுவிடுகிறார்கள். உரிமையாளரை உள்ளே அடைத்து வைப்பது அதன் நோக்கமன்று. அவர் ஊரில் இல்லாதபோதும், மின்னஞ்சலைப் பார்க்காதபோதும், தூங்கிக்கொண்டிருக்கும்போதும் அவர் சார்பில் 'முடியாது' என்று சொல்வதற்காகத்தான் அது இருக்கிறது. அப்படி ஒருவர் முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டிய தேவை ஏன் வந்தது என்பதைத் தெரிந்துகொண்டால், பூட்டைத் திறப்பதிலும் மீண்டும் போடுவதிலும் உள்ள மற்ற விதிகள் எல்லாம் தாமாகவே விளங்கிவிடும்.

டாட் காம் என்று முடியும் பெயர்கள் அனைத்துக்கும் மூலப் பதிவேடு ஒன்றுதான்; அதை வெரிசைன் நிறுவனம் நடத்துகிறது. நாம் பணம் கட்டுகிற ரெஜிஸ்ட்ரார், அந்தப் பதிவேட்டில் நம் சார்பில் எழுத அனுமதி பெற்ற முகவர் மட்டுமே. 1999 வரை இந்த வேலை முழுவதும் நெட்வொர்க் சொல்யூஷன்ஸ் என்ற ஒரே நிறுவனத்தின் கையில் இருந்தது. அதன் பிறகே, டொமைன் பெயர்களுக்கு உலக அளவில் விதி வகுக்கும் ஐகான் அமைப்பின் மேற்பார்வையில் பல ரெஜிஸ்ட்ரார்கள் போட்டிக்கு வந்தார்கள். போட்டி என்று வந்துவிட்டால் வாடிக்கையாளர் ஒரு கடையை விட்டு இன்னொரு கடைக்குப் போக வழி இருக்க வேண்டும். அந்த வழியைத் திறந்தவுடனேயே, வாடிக்கையாளருக்குத் தெரியாமல் அவரைத் தூக்கிக்கொண்டு போகிறவர்களும் முளைத்துவிட்டார்கள். புதுப்பிப்பு ரசீது போலவே தோற்றமளிக்கும் கடிதங்களை அனுப்பி, பணம் கட்டியவரின் பெயரைத் தம்மிடம் இழுத்துக்கொண்ட ஒரு நிறுவனத்தின் மீது அமெரிக்காவின் மத்திய வணிக ஆணையம் 2003-இல் நடவடிக்கை எடுக்க வேண்டியிருந்தது. அத்தகைய கடிதங்களின் மின்னஞ்சல் வாரிசுகள் இன்றும் மும்பைக் கடைக்காரர்களுக்கு வருகின்றன. பூட்டு போட்ட பெயர்களிடம் அவற்றின் ஜம்பம் பலிப்பதில்லை என்பது மட்டும்தான் வித்தியாசம்.

அக்காலத்தில் எதிர்ப்பக்கத்திலும் ஒரு தந்திரம் இருந்தது. வாடிக்கையாளர் போக விரும்பினால் பழைய ரெஜிஸ்ட்ரார் அவருக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புவார். அதற்கு அவர் பதில் சொல்லவில்லை என்றால், சம்மதம் வரவில்லை என்று காரணம் காட்டி மாற்றத்தை மறுத்துவிடுவார். மின்னஞ்சல் வேண்டுமென்றே குழப்பமாக எழுதப்பட்டிருக்கும். இந்தத் தொல்லையை ஒழிக்க ஐகான் ஒரு புதிய மாற்றக் கொள்கையை 2004 நவம்பர் 12 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அதன்படி, பழைய ரெஜிஸ்ட்ரார் கேட்கும் கேள்விக்கு உரிமையாளர் 5 நாள்களுக்குள் பதில் சொல்லாவிட்டால் மாற்றம் நடந்துவிடும். பதில் வராததைக் காரணமாகக் காட்டி அதைத் தடுக்க முடியாது. மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி என்று நம்மூர்ப் பெண் பார்க்கும் கூடங்களில் சொல்வதை உலகளாவிய விதியாகவே எழுதிவிட்டார்கள். புதிய ரெஜிஸ்ட்ரார் உரிமையாளரிடம் வெளிப்படையான சம்மதத்தைப் பெற வேண்டும் என்ற நிபந்தனையும் இருந்தது. அந்த ஒரு காவல் தவறினால் இன்னொரு காவல் இல்லை என்பதை மட்டும் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

இரண்டே மாதங்களில் அது நடந்தது. 2005 ஜனவரி 15, சனிக்கிழமை. நியூயார்க்கின் பழைய இணையச் சேவை நிறுவனங்களில் ஒன்றான பானிக்ஸின் டாட் காம் பெயர், அந்த நிறுவனத்துக்கே தெரியாமல் ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் ஐ.டி. என்ற ரெஜிஸ்ட்ராருக்குப் போய்விட்டது. பெயர் எந்தக் கணினிக்குப் போக வேண்டும் என்று சொல்லும் நேம்சர்வர்கள் பிரிட்டனுக்கும், வாடிக்கையாளர்களின் மின்னஞ்சல்கள் கனடாவுக்கும் திருப்பிவிடப்பட்டன. அந்நிறுவனத்தின் முகவரியை நம்பி அஞ்சல் அனுப்பியவர்கள் எல்லோருடைய கடிதங்களும் யாரோ ஒருவர் வீட்டு வாசலில் விழுந்துகொண்டிருந்தன. வார இறுதி என்பதால் மெல்போர்னில் பேசுவதற்கு ஆளில்லை. அங்கே திங்கட்கிழமை விடிந்த பிறகே பெயர் திரும்பி வந்தது. சம்மதம் பெற வேண்டிய பொறுப்பை, தன் கீழ் பெயர்களை விற்கும் இடைத்தரகரான ஒரு ரிசெல்லரிடம் விட்டிருந்ததாகவும், அங்கேதான் சோதனை தவறியதாகவும் மெல்போர்ன் ஐ.டி. ஒப்புக்கொண்டது. பதிவேட்டில் பூட்டு இருந்திருந்தால் ரிசெல்லரின் அலட்சியம் எதையும் சாதித்திருக்காது. கோரிக்கை வெரிசைனின் வாசலிலேயே திரும்பியிருக்கும். அந்த ஆண்டு ஜூலையில் ஐகானின் பாதுகாப்பு ஆலோசனைக் குழு டொமைன் கடத்தல் பற்றி ஒரு தனி அறிக்கையையே வெளியிட்டது. விருப்பமிருந்தால் போட்டுக்கொள்ளலாம் என்றிருந்த பூட்டு, எல்லாப் பெயருக்கும் தானாகவே விழும் பூட்டாக மாறியதன் பின்னணி இதுதான்.

வாசலிலேயே திரும்பும் என்று சொன்னேன். அது எப்படி என்பதையும் சொல்லிவிடுகிறேன். ரெஜிஸ்ட்ராரும், மூலப் பதிவேட்டை நடத்தும் ரெஜிஸ்ட்ரியும் பேசிக்கொள்ளும் மொழிக்கு இ.பி.பி. என்று பெயர். புதிய ரெஜிஸ்ட்ரார், பெயரையும் அதன் ரகசியக் குறியீடான ஆத் கோடையும் சேர்த்து, 'இதை என்னிடம் மாற்று' என்று பதிவேட்டுக்குக் கட்டளை அனுப்புகிறார். பெயரின் மீது பூட்டு இருந்தால் 2304 என்ற எண்ணுடன் பதில் வரும். பொருளின் தற்போதைய நிலை இந்தச் செயலை அனுமதிக்கவில்லை என்று அதற்கு அர்த்தம். பூட்டு திறந்திருந்து கோடு மட்டும் தவறாக இருந்தால் 2202 வரும். இரண்டும் சரியாக இருந்தால் பெயர் 'பெண்டிங் டிரான்ஸ்ஃபர்' என்ற நிலைக்குப் போகும். டாட் காமைப் பொறுத்தவரை 5 நாள்களில் பழைய ரெஜிஸ்ட்ரார் எதிர்க்காவிட்டால் தானாகவே நிறைவேறும். ஆகவே பூட்டும் கோடும் ஒன்றுக்கொன்று மாற்று அல்ல. பூட்டைத் திறக்காமல் கோடை மட்டும் வாங்கி அனுப்பிவிட்டு, புதிய ரெஜிஸ்ட்ரார் ஏமாற்றுகிறார் என்று சொல்லும் நண்பர்கள் எனக்கு உண்டு.

2018 மே மாதத்தில் ஐரோப்பாவின் தனியுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது, உரிமையாளர்களின் மின்னஞ்சல் முகவரிகள் பொதுப் பதிவுகளிலிருந்து மறைக்கப்பட்டன. புதிய ரெஜிஸ்ட்ராருக்கு உரிமையாளர் யாரென்றே தெரியாதபோது அவரிடம் சம்மதம் கேட்பது எப்படி? எனவே அந்த நிபந்தனை தளர்த்தப்பட்டது. இன்றைக்குக் கோடைக் கையில் வைத்திருப்பதே சம்மதம் கொடுத்ததற்குச் சமம். மீதமிருக்கும் கேள்வி பழைய ரெஜிஸ்ட்ரார் அனுப்பும் அந்த ஒற்றை மின்னஞ்சல் மட்டுமே, அதற்கும் மௌனமே போதும். இவ்வளவு மதிப்புள்ள கோடைப் பலர் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பகிர்வதைப் பார்க்கும்போது எனக்கு வயிற்றைக் கலக்கும். ஓடிபி சில நிமிடங்களில் செத்துவிடும். பல ரெஜிஸ்ட்ரார்களிடம் இந்தக் கோடு நாம் மாற்றும் வரை உயிரோடு இருக்கும்.

பூட்டுக்கு மறுபக்கமும் உண்டு. சாவியை வைத்திருக்கும் ரெஜிஸ்ட்ராரே கெட்டுப்போனால் அதே பூட்டு சிறையாகிவிடும். அமெரிக்காவின் ரெஜிஸ்டர்ஃப்ளை நிறுவனம் 2007-இல் உள்சண்டையால் நிலைகுலைந்தபோது, அதன் வாடிக்கையாளர்கள் ஆத் கோடும் கிடைக்காமல், பூட்டும் திறக்கப்படாமல், காலாவதித் தேதி நெருங்குவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அந்த ஆண்டு மார்ச்சில் ஐகான் அதன் அங்கீகாரத்தை ரத்து செய்தது; மே இறுதியில் லட்சக்கணக்கான பெயர்கள் கோடாடி என்ற வேறொரு ரெஜிஸ்ட்ராரிடம் ஒப்படைக்கப்பட்டன. இன்றைய விதியின்படி, பூட்டைத் திறக்கவும் கோடைப் பெறவும் கணக்கிலேயே வசதி செய்து தராத ரெஜிஸ்ட்ரார், உரிமையாளர் கேட்ட 5 நாள்களுக்குள் இரண்டையும் செய்து தர வேண்டும். தராவிட்டால் ஐகானிடம் நேரடியாகப் புகார் அளிக்கலாம். வருங்காலப் புதுப்பிப்புக்குப் பணம் கட்டவில்லை என்று சொல்லி மாற்றத்தைத் தடுக்கவும் கூடாது. வாடிக்கையாளர் சேவையில் பேசுபவர்களுக்கு இந்த விதி தெரியாமல் இருக்கலாம்; மின்னஞ்சலில் 5 நாள் கணக்கைக் குறிப்பிட்டு எழுதினால் பதிலின் தொனி மாறுவதைப் பார்த்திருக்கிறேன்.

ஆனால் விதி 'உரிமையாளர்' என்று சொல்வது யாரை? என் வேலையில் முக்கால் பங்கு இந்தக் கேள்வியில்தான் கழிகிறது.

தாராவியில் தோல் பை, பெல்ட் விற்கும் அண்ணாச்சி ஒருவர் இருக்கிறார். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து அவருடைய அப்பா காலத்தில் வந்து குடியேறிய குடும்பம். அவருடைய கடைப் பெயரிலுள்ள டாட் காமை விலை குறைவான வேறொரு ரெஜிஸ்ட்ராரிடம் மாற்றித் தரும்படி கேட்டார். பார்த்தால், பெயர் இருந்த கணக்கு, பல ஆண்டுகளுக்கு முன் அவருக்குத் தளம் செய்து கொடுத்த ஒரு டிசைனருடையது. பதிவேட்டில் ரெஜிஸ்ட்ரன்ட், அதாவது உரிமையாளர், என்ற இடத்திலும் அந்த டிசைனரின் பெயர். தொடர்பு மின்னஞ்சலும் அவருடையதே. அவர் சையனிலிருந்து வளைகுடாவுக்குப் போய்க் காலம் ஆகிவிட்டது. அண்ணாச்சி என்னிடம் கேட்டார்: "ஏம்மா, வருசா வருசம் நான்தான பணம் கட்டுதேன்? பெறவு அது எப்படி அவன் பேர்ல இருக்கும்?"

"பணம் கட்டின ரசீது வேற அண்ணாச்சி, பட்டா வேற" என்றேன். அவருக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. தாராவி மறுசீரமைப்பில் இலவச வீட்டுக்குத் தகுதி பெற, 2000 ஜனவரி 1-க்கு முன்பே தரைத்தளத்தில் இருந்ததற்கு ஆவணம் காட்ட வேண்டும் என்பதால், ஒரு காகிதத்தில் யார் பெயர் இருக்கிறது என்பதன் பொருளை அந்தத் தெருவில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

நீதிமன்றம் அவர் பக்கம் இருக்கக்கூடும். சத்யம் இன்ஃபோவே வழக்கில் 2004-இல் உச்ச நீதிமன்றம், டொமைன் பெயர் வெறும் முகவரி அல்ல, வணிகக் குறியீட்டின் தன்மை கொண்டது, பிறர் பெயரைத் தன் பெயர் போலக் காட்டுவதைத் தடுக்கும் சட்டம் அதற்கும் பொருந்தும் என்று தீர்ப்பளித்திருக்கிறது. ஆனால் ரெஜிஸ்ட்ரார் தீர்ப்புகளைப் படிப்பதில்லை, பதிவேட்டைப் படிக்கிறார். அந்தக் கணக்கில் நுழைய முடிந்தவரே பூட்டைத் திறக்க முடியும். டிசைனரின் மைத்துனர் அதே பகுதியில் டீக்கடை வைத்திருந்தது அண்ணாச்சியின் அதிர்ஷ்டம். அவர் மூலம் தொடர்பு கிடைத்தது. டிசைனர் நல்ல மனிதர், உடனே சம்மதித்தார். அதற்குப் பிறகும், கணக்குக்குள் நுழையக் கேட்கப்பட்ட ஓடிபி, அவர் எப்போதோ கைவிட்ட ஒரு இந்திய சிம் எண்ணுக்குப் போனது. பாஸ்போர்ட் நகலை அனுப்பி, எண்ணை மாற்றச் சொல்லி, அந்த ரெஜிஸ்ட்ராரின் ஊழியர்களிடம் அவர் மன்றாட வேண்டியிருந்தது. கடைசியில் பூட்டைத் திறந்து கோடைக் கொடுத்தார்.

அப்போது அண்ணாச்சியின் மகன் ஒரு நியாயமான யோசனையைச் சொன்னார்: "அக்கா, அவர் கணக்குலயே முதல்ல அப்பா பேருக்கு மாத்திருவோம், அப்புறமா ரெஜிஸ்ட்ராரை மாத்துவோம்." முறைப்படி நினைப்பவர் எவருக்கும் அதுதான் தோன்றும். நான் தடுத்தேன். காரணம், 2016 டிசம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்த விதி: உரிமையாளரின் பெயர், நிறுவனம், மின்னஞ்சல் ஆகியவற்றில் எதை மாற்றினாலும், அடுத்த 60 நாள்களுக்கு அந்தப் பெயரை வேறு ரெஜிஸ்ட்ராருக்குக் கொண்டுபோக முடியாது. இந்தத் தடையை வேண்டாம் என்று மறுக்கும் வாய்ப்பை ரெஜிஸ்ட்ரார் தரலாம். ஆனால் விவரங்களை மாற்றுவதற்கு முன்பே அதைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும், பின்னால் நினைவு வந்து பயனில்லை. எல்லா ரெஜிஸ்ட்ரார்களும் அந்த வாய்ப்பைத் தருவதும் இல்லை. மறுபுறம், ரெஜிஸ்ட்ராரை மாற்றினாலும் அடுத்த 60 நாள்களுக்கு இன்னொரு மாற்றத்தை மறுக்க விதி இடம் தருகிறது. எப்படியும் அந்த 60 நாள் வரத்தான் போகிறது. ஆகவே முதலில் ரெஜிஸ்ட்ராரை மாற்றி, புதிய இடத்தில் உட்கார்ந்த பிறகு உரிமையாளர் பெயரை மாற்றினால் இரண்டு தடைக்காலங்களும் ஒன்றின் மேல் ஒன்றாக ஓடிக் கழிந்துவிடும். டிசைனர் போன்ற நல்ல மனிதர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது, 60 நாள் காத்திருந்து அவரை மறுபடி தேடுவது புத்திசாலித்தனம் அல்ல.

மாட்டுங்காவில் ஒரு சபாவுக்கு இந்த வரிசையைப் பின்பற்ற வழியில்லாமல் போனது. அவர்களுடைய டாட் ஆர்க் பெயரின் தொடர்பு மின்னஞ்சல், காலமாகிவிட்ட முன்னாள் செயலாளருடையது. அந்த அஞ்சல் பெட்டியை யாராலும் திறக்க முடியாது. கோடோ அங்கேதான் போகும். சபாவின் லெட்டர்பேடில் தலைவர் கையெழுத்திட்ட கடிதமும் பதிவுச் சான்றிதழும் கொடுத்து, முதலில் மின்னஞ்சலை மாற்ற வேண்டியிருந்தது. மாற்றியவுடன் 60 நாள் பூட்டு விழுந்தது. பெயரின் காலாவதித் தேதியோ அந்த 60 நாளுக்குள் வந்தது. கமிட்டியில் ஒருவர், "காலாவதி ஆகட்டும், அதற்கப்புறம் புது இடத்தில் பார்த்துக்கலாம்" என்றார். இது ஆபத்தான யோசனை. காலாவதிக்குப் பிறகு ரெஜிஸ்ட்ராரின் சலுகைக்காலம் 45 நாள் வரை இருக்கலாம். அதைச் சுருக்கி நடுவிலேயே பெயரை நீக்கவோ ஏலத்துக்கு விடவோ பல ரெஜிஸ்ட்ரார்களின் ஒப்பந்தங்களில் இடமிருக்கிறது. நீக்கப்பட்ட பெயரை மீட்க 30 நாள் மீட்புக்காலம் உண்டு, ஆனால் கட்டணம் பல மடங்கு. அதுவும் தாண்டினால் 5 நாளில் பெயர் பதிவேட்டிலிருந்தே அழிந்து, முந்துகிறவர் கைக்குப் போகும்.

இதில் இன்னொரு கண்ணியும் உண்டு. மாற்றம் நடக்கும்போது பெயரின் ஆயுளில் ஓராண்டு கூடுகிறது. மீதமிருக்கும் காலமும் போகாது, மொத்தம் 10 ஆண்டைத் தாண்டாதிருந்தால் சரி. ஆனால் காலாவதி ஆன பிறகு பழைய இடத்தில் புதுப்பித்துவிட்டு, 45 நாளுக்குள் மாற்றினால், பழைய இடத்தில் கட்டிய அந்த ஓராண்டு பதிவேட்டில் நிலைப்பதில்லை. இரண்டு இடத்தில் பணம் கட்டியும் ஓராண்டுதான் மிஞ்சும். எனவே சபா காலாவதித் தேதிக்கு முன்பாகவே பழைய இடத்தில் புதுப்பித்துக்கொண்டது. பொருளாளருக்கு அந்தச் செலவில் வருத்தம்தான். சங்கங்கள் தங்கள் டொமைனை ஒரு நபரின் சொந்த மின்னஞ்சலில் பதிவு செய்வதைப் பார்த்தால் எனக்கு வரும் வருத்தத்தோடு ஒப்பிட்டால் அது சிறியது.

60 நாள் தடையைத் திட்டாதவர் இல்லை; நானும் திட்டியிருக்கிறேன். ஆனாலும் அது வீணாக வைக்கப்பட்டதல்ல. பெர்ல் நிரலாக்க மொழிக்கான தளமாகிய பெர்ல் டாட் காம் 2021 ஜனவரி இறுதியில் திருடுபோனது வெளிச்சத்துக்கு வந்தபோது, அதன் பொறுப்பாளர்கள் பின்னர் எழுதிய விளக்கத்தின்படி, திருடர்கள் முந்தைய ஆண்டு செப்டம்பரிலேயே கணக்கைக் கைப்பற்றிவிட்டு, நேம்சர்வர்களைத் தொடாமல், தளம் வழக்கம்போல் ஓடட்டும் என்று விட்டு, டிசம்பரில்தான் ரெஜிஸ்ட்ராரை மாற்றியிருக்கிறார்கள். தடைக்காலம் திருடர்களைக் காத்திருக்க வைத்தது. ஆனால் அந்தக் காலத்தில் யாரும் பதிவேட்டைப் பார்க்கவில்லை. பெயர் பிப்ரவரி தொடக்கத்தில் திரும்பக் கிடைத்தது. பூட்டும் தடைநாள்களும் உரிமையாளருக்கு அவகாசம் வாங்கித் தருகின்றன. அந்த அவகாசத்தில் பார்ப்பதற்கு ஒரு கண்ணும், அறிவிப்பு போய்ச் சேர ஒரு உயிருள்ள அஞ்சல் பெட்டியும் இருக்க வேண்டும். அந்த அஞ்சல் பெட்டி அதே டொமைனில் இருக்கக் கூடாது என்பதையும் சொல்ல வேண்டும். பெயர் முடங்கினால் முடங்கியதைச் சொல்லும் கடிதமும் வந்து சேராது.

சாதாரணப் பூட்டை ரெஜிஸ்ட்ரார் போடுகிறார், கணக்கின் கடவுச்சொல் தெரிந்தவர் யாரும் திறக்கலாம். இதன் வரம்பு 2013 ஆகஸ்டில் உலகத்துக்கே தெரிந்தது. சிரியன் எலக்ட்ரானிக் ஆர்மி என்ற குழு, மெல்போர்ன் ஐ.டி.யின் ஒரு ரிசெல்லர் கணக்கின் வழியாக உள்ளே புகுந்து, நியூயார்க் டைம்ஸ் நாளிதழின் பெயரை வேறு நேம்சர்வர்களுக்குத் திருப்பியது. ட்விட்டரும் அதே ரெஜிஸ்ட்ராரிடம்தான் இருந்தது. ஆனால் அதன் முதன்மைப் பெயருக்கு ரெஜிஸ்ட்ரி லாக் என்னும் மேல்நிலைப் பூட்டு இருந்ததால் அது அசையவில்லை. அந்த மேல்நிலைப் பூட்டின் நிலைச்சொற்கள் 'கிளையன்ட்' என்பதற்குப் பதில் 'சர்வர்' என்று தொடங்கும். அதைத் திறக்க ரெஜிஸ்ட்ரியிடம் முன்பே பெயர் கொடுத்து வைத்திருக்கும் மனிதர்கள் தங்களை நிரூபித்துக் கேட்க வேண்டும். கடவுச்சொல் திருடினால் போதாது. அண்ணாச்சியின் பெல்ட் கடைக்கு இது தேவையில்லை, கட்டணமும் கட்டுப்படியாகாது. கணக்குக்கு இரட்டைச் சரிபார்ப்பு போட்டு, அந்த ஓடிபி சிம்மை நம்பாமல் செயலியில் வரும்படி செய்தால் அவருக்குப் போதும். வங்கிகளின் கதை வேறு. ரிசர்வ் வங்கி 2025-இல் எல்லா வங்கிகளையும் 'பேங்க் டாட் இன்' என்று முடியும் பெயர்களுக்கு மாறச் சொல்லி, அவற்றைப் பதிவு செய்யும் பொறுப்பை ஐ.டி.ஆர்.பி.டி. என்ற ஒரே நிறுவனத்திடம் கொடுத்திருக்கிறது. பல கடைகளுக்கிடையே தாவும் சுதந்திரமே அங்கே இல்லை. ரிசெல்லர் வழியாகப் புகும் வாசலும் இல்லை.

இதுவரை சொன்ன 5, 45, 60 என்ற கணக்குகள் எல்லாம் டாட் காம், டாட் ஆர்க் போன்ற பொதுப் பெயர்களுக்கானவை. நாட்டுப் பெயர்களுக்கு அந்தந்த நாட்டுப் பதிவேடு வைத்ததே சட்டம். டாட் இன் 1989-இல் இதே மும்பையில், ஜுஹூவிலிருந்த தேசிய மென்பொருள் தொழில்நுட்ப மையத்திடம் ஒப்படைக்கப்பட்டது. 2005 முதல் இந்திய தேசிய இணையப் பரிமாற்ற மையமான நிக்ஸி நடத்துகிறது. டாட் இன்னுக்கும் பூட்டும் ஆத் கோடும் உண்டு, ஆனால் உரிமையாளரின் விவரங்களை மறைக்கும் தனியுரிமைச் சேவைக்கு அங்கே இடமில்லை. பிரிட்டனின் டாட் யு.கே. நெடுங்காலம் கோடே இல்லாமல், பழைய ரெஜிஸ்ட்ராரே பெயரின் மீதுள்ள அடையாள முத்திரையைப் புதியவருக்கு மாற்றித் தரும் முறையில் இயங்கியது. அங்கே உறவினர் வைத்திருக்கும் கடைக்காக என்னிடம் வந்த ஒருவர், கோடு எங்கே என்று தேடிக் களைத்துப்போனார்.

மாற்றத்தின் நடுவே தளம் அணைந்துவிடுமோ என்ற பயம் எல்லோருக்கும் இருக்கிறது. ரெஜிஸ்ட்ரார் மாறுவதால் மட்டும் தளம் அணையாது. நேம்சர்வர்கள் அப்படியே தொடரும். ஆனால் அந்த நேம்சர்வர்கள் பழைய ரெஜிஸ்ட்ரார் இலவசமாகக் கொடுத்தவையாக இருந்தால், வாடிக்கையாளர் போனவுடன் அவர் அவற்றை நிறுத்திவிட வாய்ப்பிருக்கிறது. அப்படியானால், தளமும் அஞ்சலும் எந்தக் கணினியில் இருக்கின்றன என்று சொல்லும் டி.என்.எஸ். பதிவுகளை, குறிப்பாக மின்னஞ்சலுக்கான எம்.எக்ஸ்., டெக்ஸ்ட் பதிவுகளை, வேறிடத்தில் முன்பே நகலெடுத்து வைத்து, நேம்சர்வரை மாற்றி, இரண்டு நாள் பொறுத்த பிறகே பூட்டைத் திறக்க வேண்டும். டாட் காம் பதிவேட்டின் நேம்சர்வர் விவரங்களை உலகெங்குமுள்ள கணினிகள் 2 நாள் வரை நினைவில் வைத்திருக்கும் என்பதால்தான் அந்தப் பொறுமை. டி.என்.எஸ். பதில்களுக்குக் கையெழுத்திடும் டி.என்.எஸ்.செக் என்ற பாதுகாப்பைப் போட்டிருப்பவர்கள், அதற்கு அடையாளமாகப் பதிவேட்டில் இருக்கும் டி.எஸ். பதிவை அதற்கும் முன்பே நீக்கிவிடுவது நல்லது; பழைய அடையாளம் பதிவேட்டில் கிடக்கப் புதிய நேம்சர்வர் பதில் சொன்னால், சரிபார்க்கும் கணினிகள் அந்தப் பதிலைக் கள்ளப் பதில் என்று தள்ளிவிடும்.

அண்ணாச்சியின் பெயர் புதிய இடத்துக்கு வந்த பிறகு நான் முதலில் பார்த்தது தளத்தை அல்ல, பதிவேட்டை. 2025 ஜனவரி முதல் பொதுப் பெயர்களுக்கு பதிவு விவரங்களைத் தேடிப் பார்க்கும் பழைய ஹூயிஸ் முறையின் இடத்தை ஆர்.டி.ஏ.பி. என்ற புதிய முறை எடுத்துக்கொண்டுவிட்டது, ஐகானின் தேடல் பக்கத்திலேயே பெயரைக் கொடுத்தால் நிலைச்சொற்கள் தெரியும். ஓராண்டு கூடியிருந்தது, பூட்டு விழவில்லை. சில ரெஜிஸ்ட்ரார்கள் வந்த பெயரைத் தாமாகவே பூட்டுவதில்லை, நாம்தான் போய்ப் போட வேண்டும். போட்டோம். பிறகு உரிமையாளர் பெயரை அண்ணாச்சி பெயருக்கு மாற்றினோம். புதிய மின்னஞ்சலைச் சரிபார்க்கச் சொல்லி ஒரு கடிதம் வந்தது. 15 நாளுக்குள் அதிலுள்ள இணைப்பை அழுத்தாவிட்டால் 'கிளையன்ட் ஹோல்ட்' விழுந்து தளம் அணைந்துவிடும். விளம்பரம் என்று நினைத்து அதை அண்ணாச்சியின் மகன் அழித்திருந்தார். குப்பைப் பெட்டியிலிருந்து எடுத்து அழுத்தினார்.